துஃபான் என்பது ஆட்டின் பெயர் என்பது குறித்து

அனுப்புநர்
ஹ. சங்கவி,
ஒன்பதாம் வகுப்பு,
பாம்பூஃப்ளாட்.

பெறுநர்
படகுப் போக்குவரத்து அதிகாரி அவர்கள்,
போர்ட் பிளேயர்.

பொருள்: புதன்கிழமை காலை படகுகள் நின்றதற்குக் காரணம் புயல் அன்று, ஆடு என்பதும், அந்த ஆடு மனித சக்திக்கு அப்பாற்பட்டது என்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைத் தயவுசெய்து யாரிடமும் காட்ட வேண்டாம். குறிப்பாகத் தங்கள் அலுவலக எழுத்தர் திரு. ஹரிஹரன் அவர்களிடம். அவர் என் அப்பா. தபாலைப் பிரிப்பவரும் அவரே என்பதால், இதை நாளை தங்கள் வீட்டிலேயே வந்து தருகிறேன்.

1. எங்கள் வீட்டில் ஓர் ஆடு உண்டு. புயலடித்த நாளில் பிறந்ததால் இந்தியில் துஃபான் என்று பெயர் வைத்தேன். படகுத்துறையில் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். அப்பா மட்டும் சனியன் என்பார்.

2. புதன்கிழமை நான் பள்ளிக்குப் படகேறியபோது துஃபான் கயிற்றிலிருந்து கழன்று பின்னாலேயே வந்து, வண்டிகள் ஏறும் இரும்புப் பலகையில் படுத்துக்கொண்டது. பலகையைத் தூக்காமல் படகு கிளம்பாது. நான் இழுத்தேன். ஒரு போலீஸ்காரர் இழுத்தார். பிஸ்கட் காட்டினோம். அதைத் தின்றுவிட்டு மறுபடி படுத்தது.

3. ஏன் தாமதம் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து வாக்கி டாக்கியில் கேட்டார்கள். படகில் கயிறு போடும் ஜாஹிர் பாய், “துஃபான் ஆ கயா” என்றார். துஃபான் வந்துவிட்டது என்று அவர் சொன்னது முழு உண்மை. மறுமுனையில் இருந்தவர் அப்பா. புயல் என்று நினைத்து எல்லாப் படகுகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பதிவேட்டில் ‘புயல், மனித சக்திக்கு அப்பாற்பட்ட நிகழ்வு’ என்று எழுதிவிட்டார். அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவர் அறைக்கு ஜன்னல் இல்லை என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

4. இப்போது பொய்த் தகவல் தந்ததாக ஜாஹிர் பாய்க்கு மெமோ வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் தராவிட்டால் வேலை போய்விடுமாம். ஆட்டைப் பற்றிச் சொன்னால் அப்பாவை ஊரே கேலி செய்யும், எனக்கும் அடி விழும் என்று ஜாஹிர் பாய் வாயே திறக்கவில்லை. “நீ போய்ப் படிம்மா, நான் பாத்துக்கறேன்” என்கிறார். அவர் எதையும் பார்த்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

5. முன்கூட்டி அறிய முடியாதது, தடுக்க முடியாதது, யாருடைய தவறும் இல்லாதது, இவை மூன்றும் சேர்ந்தால் மனித சக்திக்கு அப்பாற்பட்டது என்று அப்பாவே சொல்லித்தந்திருக்கிறார். துஃபான் வருமென்று யாருக்கும் தெரியாது. தடுக்கப் பதினோரு பேர் முயன்றோம். மூன்றாவதில் மட்டும் எனக்குச் சிறிது சந்தேகம் உண்டு. முடிச்சுப் போட்டது நான்.

ஆகவே, பதிவேட்டில் ‘புயல்’ என்பதை மட்டும் ‘ஆடு’ என்று திருத்தி, மீதியை அப்படியே விட்டு, ஜாஹிர் பாயின் மெமோவை ரத்து செய்யுமாறு வேண்டுகிறேன். அது யார் வீட்டு ஆடு என்பதை அப்பாவிடம் சொல்லாதிருக்குமாறும் வேண்டுகிறேன். தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை அது குழம்பாகிவிடும்.

இடம்: பாம்பூஃப்ளாட்
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள்

ஐயா, கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், ஜாஹிர் பாயை மட்டும்