துள்ளாத சக்கரம்

சிங்கப்பூர்,
19.11.1961

அன்புள்ள அத்தானுக்கு, சிவகாமு வணங்கி எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். குவாந்தானில் மழை எப்படி? வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைக்கிறதா? எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகிற லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் மெஷினோடு கிளம்பிப் போனதிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. ஏனென்று கேட்க எனக்கு முகமில்லை.

நம் சந்துக்கு அந்த மெஷினைக் கொண்டுவரத் துரையிடம் எவ்வளவு கெஞ்சினீர்கள் என்று தெரியும். வண்டிக்குப் பின்னால் இழுத்துவரும் ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் துள்ளும், துள்ளலை உள்ளே ஒரு கருவி எண்ணும், எண்ணிக்கை ஏறினால்தான் தார் போடுவார்கள் என்று சாப்பிடும்போது சொன்னீர்கள். குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்ட எனக்கு, துரை வருகிறார் என்பது மட்டும்தான் மனத்தில் நின்றது.

என் புருஷன் ஓட்டும் வண்டி, பக்கத்தில் துரை, நம் வாசலில் குலுங்கினால் மானம் போய்விடுமே என்று நினைத்தேன். நான்தான் முத்தாயி அக்காவையும் மற்றப் பெண்களையும் கிளப்பினேன். செங்கல் உடைசலும் அடுப்புச் சாம்பலும் கொட்டி, அம்மிக் குழவியால் இடித்து எல்லாப் பள்ளத்தையும் நிரப்பினோம். கோலம் வேறு போட்டேன். கல்யாண வீடு தோற்றுப்போகும்.

சக்கரம் துள்ளவே இல்லை. நான் வாசலில் நின்று சிரித்தேன். ரோடு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என் உயிரை வாங்கினாய் என்று துரை உங்களைக் கேட்டாராம். பெண்கள் நிரப்பிவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பேச்சு வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நினைத்தால் உடம்பே கூசுகிறது.

முதல் மழையிலேயே எல்லாம் கரைந்துவிட்டது. பள்ளம் முன்னைவிட ஆழம்.

எதிர்வீட்டு நஃபீசாவுக்கு இது எட்டாம் மாதம். போன வருஷம் அவளுக்கு வலி எடுத்தபோது டாக்சி சிக்கிக்கொண்ட அதே பள்ளத்தை, இந்த வயிற்றோடு குனிந்து அவளும் நிரப்பினாள். அன்று நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிள்ளை தங்கவில்லையே. நேற்று அவளிடம் போய் அழுதேன். விடுங்கக்கா, நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சோம் என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

துரையிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். என் பெண்டாட்டிக்குப் புத்தி மட்டு என்றே சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நஃபீசாவுக்கு நாள் நெருங்குவதற்குள் அந்தச் சக்கரத்தை ஒரு தடவை திரும்பக் கொண்டுவாருங்கள்.

சத்தியமாக இந்தத் தடவை வாசல்கூடப் பெருக்க மாட்டேன்.

உங்கள்
சிவகாமு