ராசியான சீட்டு

டிசம்பர் 1, திங்கள்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்குமேல் ஈப்போ முழுக்க மழை. மழையிலேயே இரண்டு மாணவிகளுக்கு ரோட்டுப் பயிற்சி. ஒருத்தி ரிவர்ஸ் என்றாலே கண்ணை மூடிக்கொள்கிறாள். பரவாயில்லை, தேற்றிவிடுவேன். இதைவிட மோசமானவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை விமானம். நானும் மகள் யாழினியும் மட்டும். கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலு. அங்கிருந்து என் வீட்டுக்காரருடைய காரில் ரானாவ். வாத்தியார் வேலையில் அவருக்கு அங்கே மாற்றல், போன வருடத்திலிருந்து. மலை ரோடு, வளைவுக்கு மேல் வளைவு, பாதி வழி பனிமூட்டம் என்கிறார். அந்த ரோட்டில் யாழினி என் மடியில் வரமாட்டாள். அவளுடைய கார் சீட்டில்தான் வருவாள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

விமான நிறுவனத்துக்குப் போன். இரண்டு வயது தாண்டியதால் யாழினிக்குத் தனி டிக்கெட்தான். அந்த இருக்கையில் கார் சீட்டை வைத்துக் கட்டலாமா? கட்டலாம். விமானத்துக்கு ஏற்றது என்று சீட்டில் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அகலம் அடங்க வேண்டும். ஜன்னல் ஓரம். இல்லாவிட்டால் பெட்டிகளோடு கீழே அனுப்பலாம், காசில்லை.

எங்கள் டிரைவிங் ஸ்கூல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் மேரி அக்காவுக்கு இதைக் கேட்டதும் மூளை வேலை செய்துவிட்டது.

"கீழ போட்டுரு லா. சீட்டு பைக்குள்ள முறுக்கு, துணிமணி எல்லாம் திணிச்சிரலாம். யாரு நிறுத்துப் பாக்கப் போறா?"

மாட்டேன். பெட்டிகளை அவர்கள் தூக்கி வீசுகிற வீச்சை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது. யாழினி இருக்கிற இடத்தில்தான் சீட்டும் இருக்கும்.

வாங்க: ஈரத் துண்டு, அவளுக்குக் கலர் பென்சில், அவருக்கு மீன் கறித் தூள்.

டிசம்பர் 2, செவ்வாய்

புழுக்கம். ஸ்டிக்கரைத் தேடும் வேலை.

சீட்டு போன வெள்ளிக்கிழமை இரவல் போயிருந்தது. பீடோரில் இருக்கும் தம்பி சரவணன் வாங்கிப் போனான். பாரிட் புந்தாரில் அவன் மனைவி பிரியாவின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நீண்ட பயணம் என்றால்தான் அவர்களுக்குச் சீட்டு ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் அவர்கள் மகன் கவின் மடியில்தான். ஞாயிறு சாயங்காலம் ஒரு நண்பனிடம் கொடுத்தனுப்பிவிட்டான். பளபளவென்று துடைத்து, பிளாஸ்டிக் சுற்றி. என் தம்பி இதுவரை எதையும் துடைத்துக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உறையைக் கழற்றினேன். ஸ்டிக்கர் இருந்தது, பக்கவாட்டில், சிவப்பு எழுத்தில். கூடவே, தோள் வாரில் ஒரு கறுப்புக் கயிறு. முதுகுப் பலகையில் சந்தனம், நடுவில் குங்குமம். அதற்குக் கீழே, பெல்ட் நுழைகிற இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினேன். கோடு வாயைத் திறந்தது.



சரவணனுக்குப் போன்.

"டேய், சீட்டுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலயேக்கா. தொடச்சுதானே குடுத்தேன்."

"மோதுனியா?"

குரலைத் தாழ்த்தி, "நான் மோதல லா. லோரி பின்னால வந்து லேசா தட்டுச்சு."

"லேசா தட்டுனா பிளாஸ்டிக் பொளக்குமா?"

வாய்க்கு வந்தபடி கத்தினேன். சனிக்கிழமை விமானம், மலை ரோடு, என் பிள்ளை, பொய்யன், எல்லாம் வந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. லோரி இடித்தபோது அந்தச் சீட்டில் கவின் இருந்திருப்பான். அவன் எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவே இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

மூட்டம். அரை நாள் லீவு. யாழினியை மேரி அக்காவிடம் விட்டுவிட்டு, சீட்டைப் பின்னால் போட்டுக்கொண்டு பீடோர்.

தம்பி வீட்டு வாசலில் கார். பின் கண்ணாடி புதிது, பம்பருக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. கவின் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டான். தூக்கி, தலை, கழுத்து, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தேன். கூச்சத்தில் சிரித்தான். ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டோம் அண்ணி," என்றாள் பிரியா. "பின் கண்ணாடி தூள் தூளாப் போச்சு. இவன் மேல ஒரு கீறல் இல்ல. இந்த சீட்டுதான் காப்பாத்துச்சு. கோயில்ல வச்சு அர்ச்சனை பண்ணிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புனோம். ராசியான சீட்டு. யாழினியும் ஏரோப்ளேன்ல போறா, அவளுக்கும் அந்த ராசி வேணும்னுதான்."

திட்டுவதற்கு என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. ஒளித்து அனுப்பினார்கள் என்று நினைத்திருந்தேன். இவள் சீர் அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறாள்.

சீட்டைத் தரையில் வைத்து அழுத்திக் காட்டினேன். விரிசல் திறந்தது.

"பாரு பிரியா. அந்த இடியை இதுதான் வாங்கிக்கிச்சு. ஒரு தடவதான் வாங்கும். இன்னொரு தடவ வந்தா பிள்ளதான் வாங்கணும்."

அவள் கவினைப் பார்த்தாள், விரிசலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

சரவணன் கதவோரமாகவே நின்றான். "ஊருக்கே காடி ஓட்டக் கத்துக் குடுக்குற அக்காகிட்ட எக்சிடன்னு எப்படிச் சொல்றது? சிக்னல்ல மஞ்ச விழுந்துச்சு, நின்னேன். பின்னால வந்தவன் நிக்கல."

"மஞ்சள்ல நின்னது சரிடா. நான் சொல்லிக் குடுத்ததே அதான்."

பெரிய ஆம்பிளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொய்யா நறுக்கப் போய்விட்டான்.

அடுத்த தகராறு. வார்களை வெட்டித்தான் இதைத் தூக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது எடுத்துப் பிள்ளையை உட்கார வைப்பார்கள் என்றேன். பிரியா சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையக் காப்பாத்துனத வெட்டலாமா அண்ணி? சாமி மேடை பக்கத்துல வச்சுக்கிறேன்." வைத்தால் சும்மா இருக்குமா? பாகான் டத்தோவிலிருந்து எங்கள் சித்தி மகள் இப்போதே கேட்டுவிட்டாளாம், அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம், ராசியான சீட்டாயிற்றே.

கத்தரிக்கோல் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. சரவணனிடம் மட்டும் சொன்னேன்: "நான் ப்ளேன் ஏறதுக்குள்ள நீயே வெட்டு. கவினுக்கு ஒண்ணு வாங்கு."

"இங்கனதானேக்கா போறோம், பாசாருக்கும் கோயிலுக்கும்."

"லோரி பாசாருக்கு வராதா?"



டிசம்பர் 4, வியாழன்

மதியம் கடைக்கு. சீன அக்கா முதலில் காட்டியது சிம்மாசனம் மாதிரி, இரண்டு பக்கமும் குவளை வைக்க இடம். "வெரி கம்ஃபர்டபல்." அகலம் விமானத்தில் அடங்காது என்றேன். அடுத்ததில் ஸ்டிக்கர் இல்லை. மூன்றாவதில் இருந்தது, விமானம் என்று தெளிவாக அச்சடித்து. தையல் டேப்பால் நானே அளந்தேன். சாம்பல் நிறம், அழகில்லை, கச்சிதம். விலையை அவரிடம் சொல்லப் போவதில்லை.

கடை வாசலிலேயே காரில் பொருத்தினேன். முழங்காலால் அழுத்தி பெல்ட்டை இழுத்தேன். அசையவில்லை.

பீடோரிலிருந்து செய்தி இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

பெட்டி கட்டி முடிந்தது. கறித் தூள் மூன்று பைக்குள். யாழினி புதுச் சீட்டில் உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்கிறாள். சோறும் அதிலேயே.

அவர் போனில்: "இங்க ஒரே மழ. மெதுவாத்தான் ஓட்டணும்." ஓட்டுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிறேன்.

பீடோர் இன்றும் மௌனம். நானே வெட்டியிருக்க வேண்டும். அந்தச் சித்தி மகளுக்காவது போன் போட வேண்டும். பிரியா கோபித்தால் கோபிக்கட்டும்.

டிசம்பர் 6, சனி

விமானத்தில், மேகத்துக்கு மேலே. யாழினி தூங்குகிறாள், எச்சில் வழிய.

மேரி அக்காதான் ஏர்போர்ட் வரை கொண்டுவந்து விட்டார். கவுண்டர் பையன் சீட்டைக் கண்டதும் பெட்டி எடை பார்க்கிற இடத்தைக் காட்டினான். ஸ்டிக்கரைக் காட்டினேன். அதிகாரியைக் கூப்பிட்டான். அவர் குனிந்து படித்தார், தலையாட்டினார். அவ்வளவுதான். இதற்காக ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த மலாய் வசனமெல்லாம் வீண்.

ஜன்னல் ஓரம் வைத்துக் கட்டினேன். பணிப்பெண் இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "குவாட், கக்," என்றாள். கெட்டியாம். தெரியும் தங்கச்சி.

கதவு மூடப் போகிற நேரத்தில் சரவணனின் குரல் செய்தி: "அக்கா, வெட்டியாச்சு. பிரியாதான் மொத வெட்டு. சூடம் காட்டிட்டு வெட்டுனா. ரெண்டு பேரும் அழுதுட்டோம் லா."

பின்னாலேயே பிரியாவின் வீடியோ. ஓடுகிற காரில், பின் சீட்டில், புத்தம் புதிய சிவப்புச் சீட்டில் கவின். வீறிட்டு அழுகிறான், காலை உதைக்கிறான், இறங்க முடியவில்லை. இவ்வளவு அழகான அழுகையை நான் கேட்டதில்லை. மறுபடியும் போட்டுப் பார்த்தேன். நிறுத்திப் பெரிதாக்கினேன்.

உடனே சரவணனுக்குப் போன். பிரியா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வலது தோள் வார் முறுக்கிக் கெடக்கு. ஓரங்கட்டு."

"வீட்டுக்கு இன்னும் ரெண்டே நிமிசம்தான்கா."

"ஓரங்கட்டுடா."

பணிப்பெண் போனை அணைக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு நிமிடம் என்று கை காட்டினேன். கவினின் அழுகைக்கு நடுவே காரின் சிக்னல் விளக்கு டிக் டிக்கென்று கேட்டது, வண்டி நின்றது. அப்புறம்தான் அணைத்தேன்.