பத்தாவது ஆள்

ஜூன் 4, 2025
பட்டுப்புடவைக்கு அட்டைப்பெட்டி செய்யும் என் பட்டறையில் இன்று தலை எண்ணினேன். சரியாகப் பத்து. பத்துப் பேர் ஆகிவிட்டால் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ., கட்ட வேண்டுமாம். டீக்கடையில் சத்யராஜ் வழி சொன்னான்: "ஒர்த்தரை கான்ட்ராக்ட்னு எழுதிக்கோ மச்சான். ஒன்பதாயிடும்." எட்டாவதில் கோட்டை விட்ட எனக்கே கழித்தல் கணக்கு புரிந்துவிட்டது.

ஜூன் 6
யாரைக் கழிப்பது? இந்திராணியை. பதினாலு வருஷமாகப் பெட்டி ஒட்டுகிறாள், கோபித்துக்கொள்ள மாட்டாள். காகிதத்தை நீட்டினேன். "இன்னிலேர்ந்து நீ சுயதொழில் பண்றம்மா. உனக்கு நீயே முதலாளி."
நிதானமாகப் படித்தாள். "அப்படியாண்ணா?" என்று கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 7
இ.எஸ்.ஐ.யில் மிச்சமாகப்போகும் காசை வளர்க்க வேண்டாமா? இன்னும் மிச்சமாகவில்லை, அது வேறு விஷயம். அட்டை வாங்க வைத்திருந்ததை எடுத்து, சத்யராஜ் சொன்ன ஒரே கம்பெனியில் பங்கு வாங்கிவிட்டேன். "பங்கு வாங்கினா அந்தக் கம்பெனிக்கே நீ முதலாளி" என்றான். ஒரே வாரத்தில் இரண்டு முதலாளிகளை உண்டாக்கியிருக்கிறேன். நாடு முன்னேறாமல் என்ன செய்யும்?

ஜூன் 20
பங்கு ஏறுகிறது! பி.காம். படிக்கும் என் மகள் சந்தியாவிடம் போனைக் காட்டினேன்.
"அந்தக் கம்பெனி இன்னா பண்ணுதுப்பா?"
"ஏதோ குழாய்."
"ஏதோ குழாயா?"
பொறாமை.

ஜூலை 15
ஒன்பது மணிக்கு வரவேண்டிய இந்திராணி பதினொன்றுக்கு வந்தாள். மணியைக் காட்டினேன். "காயிதத்துல நேரம் எதுவும் போடலியேண்ணா" என்றாள். மற்ற ஒன்பது பேரும் குனிந்து சிரித்தார்கள். நல்ல ஒற்றுமை.

ஜூலை 28
இந்திராணி ஆளே வரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் விஷால் பட்டறையில் ஒட்டுகிறாளாம். போன் போட்டேன்.
"சுயதொழில்ணா. நாலு எடத்துல பண்ணாதான் கட்டுப்படியாவுது. உங்களுக்கு ரேட்டு சொல்லட்டா?"
ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு பட்டுக்கடைக்கு மூவாயிரம் பெட்டி தரவேண்டும். தராவிட்டால் அந்தக் கடை இனி நம் பக்கம் திரும்பாது. மூலை பிசகாமல் ஒட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நானே உட்கார்ந்து ஒன்று ஒட்டினேன். என்னைப் போலவே வந்தது: பார்க்கக் கம்பீரம், தூக்கினால் அடி கழன்றது.

ஆகஸ்ட் 5
ஆடிட்டர் உதயகுமாரிடம் காகிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.
"வேலை நேரம் சொன்னது யாரு?"
"நான்."
"அட்டை, பசை, மேசை?"
"என்னுதுதான்."
"அப்ப காயிதத்துல இன்னா எழுதினாலும் அவங்க உன் ஆளுதான்யா. பத்து பத்துதான்."
இந்த உண்மையைச் சொல்ல அவருக்கு ஃபீஸ் வேறு.

ஆகஸ்ட் 6
குழாய்க் கம்பெனி பாதிக்குக் கீழே. அட்டை வாங்கப் பணமில்லை. சந்தியா திட்டவில்லை, அதுதான் வலித்தது. "சீக்கிரம் தேவைப்படற காசை அங்க போடவே கூடாதுப்பா. மிச்சத்தையும் ஒரே கம்பெனியில கொட்டாம, பத்து எடமாப் பிரிச்சு, வருஷக்கணக்கா விடணும்."
இந்தப் பத்து என்னை விடாது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 9
இந்திராணி வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் கேட்டாள்: "சுயதொழில்னு போட்டதுக்குக் கோவம் இல்லண்ணா. பத்துல கழிக்கறதுக்கு நான்தான் கெடச்சேனா?"
டீக்கடைப் பேச்சு ஊருக்கே தெரிந்திருக்கிறது. பதினாலு வருஷம்டா, மடையா! அங்கேயே காகிதத்தைக் கிழித்தேன். "தப்புதாம்மா" என்றேன். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 11
ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம். வாசலில் இந்திராணி. மனைவி புவனேஸ்வரியின் வளையலை அடகு வைத்து அட்டை வாங்கியாயிற்று. அந்த வளையல் எனக்கு இனி ஆயுளுக்கும் ஞாபகப்படுத்தப்படும்.

செப்டம்பர் 2
மூவாயிரமும் போய்ச் சேர்ந்தது. இ.எஸ்.ஐ.யில் பத்துப் பெயரும் ஏறிவிட்டது, முதல் பெயர் இந்திராணி. அவளிடம் அவள் இ.எஸ்.ஐ. நம்பரைக் கொடுத்தேன்.
"இப்ப நான் உங்க ஆளாண்ணா?"
"ஆமாம்மா."
"அப்ப நாளைக்கு எனக்கு லீவு. எழுதிக்கோங்க."
எழுதிக்கொண்டேன். கதவு வரை போனவள் திரும்பினாள்.
"சம்பளத்தோட."