எரியாத மூன்று போர்டுகள்

அக்கா,

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. நேற்று அதைக் கடக்கும்போது ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறியது. மதுராந்தகம் பஸ் கிளம்பிப் போனதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். உங்கள் புடவைத் தலைப்பில் அந்த வாசனை இருக்கும். நீங்கள் பங்கு போட்டுக் கொடுக்கும் எலுமிச்சை சாதத்தில்கூட இருக்கும்.

நம் கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுத்தேன். இயந்திரங்களை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்றாலும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவீர்கள். என் அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தார். உங்கள் அம்மா கருங்குழி வயல்களில் கூலிக்கு நாற்று நட்டு உங்களை ஐ.டி.ஐ. படிக்கவைத்தவர். சென்டரில் யார் சொல் எடுபடும் என்பது நம் இருவருக்குமே தெரியும். அதைப் பற்றி நாம் பேசியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஏப்ரல். ஞாயிறன்று நீங்கள் தனியாக வந்து எல்லா இயந்திரங்களையும் திறந்து தூசி ஊதிவிட்டுப் போயிருந்தீர்கள். திங்கள் காலை மூன்று இயந்திரங்கள் கொஞ்ச நேரம் ஓடி அப்படியே உறைந்தன. அணைத்து மறுபடி போட்டால் உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"நேத்து இதைத் தொறந்தது யாரு?" என்றார் முதலாளி.

"நான்தான் சார். ஆனா போர்டு எரியல. எரிஞ்சிருந்தா நாத்தம் அடிக்கும். இது எய்ந்துக்கறதுக்கே மறந்துபோன மாதிரி கீது. வைரஸா இருக்குமோ?"

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"வைரஸ்ங்கறது வெறும் புரோகிராம் சார். டேட்டாவைத்தான் அழிக்கும். ஹார்டுவேரை ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றும் எனக்குத் தெரியும். முந்தின வாரம் தெரிந்தவர் ஒருவரிடம் விளையாட்டு சிடி ஒன்றை வாங்கிவந்து, அந்த மூன்று இயந்திரங்களிலும் போட்டவள் நான்.

"நாளைலேருந்து வர வேணாம்மா" என்று அவர் உங்களிடம் சொன்னபோது நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து அந்த வைரஸைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது. இயந்திரம் விழித்தெழ வேண்டிய கட்டளைகள் போர்டில் ஒரு சிறு சிப்பில் இருக்கின்றன. அவற்றையே அது அழித்துவிடுமாம். நீங்கள் சொன்னதேதான். மூலையில் கிடந்த மூன்று போர்டுகளையும் ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருந்தீர்கள். பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம் ஓயவில்லை.

"அந்த சிடி நான் கொண்டுவந்தது, அக்கா."

நீங்கள் தலை நிமிரவில்லை. கையிலிருந்த வேலையை முடித்த பிறகுதான் கேட்டீர்கள்: "போர்டை எடுத்தாந்தியா?"

அன்றுதான் முதன்முறையாக என்னிடம் ஒருமையில் பேசினீர்கள்.

அதே வகைப் போர்டு உள்ள கம்ப்யூட்டர் ஒன்று அந்தக் கடையில் இருந்தது. அதை ஓடவிட்டு, ஓடும்போதே அதன் சிப்பை மெல்லப் பிடுங்கினீர்கள். அந்த இடத்தில் செத்த சிப்பைச் செருகி, ஃபிளாப்பியிலிருந்து கட்டளைகளை மறுபடி எழுதவைத்தீர்கள். கை தவறியிருந்தால் அந்த நல்ல போர்டும் போயிருக்கும். மூன்று போர்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நான் அழுதேன்.

"முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன் அக்கா."

"சொல்லு. நான் திரும்பி வர்றதுக்கு இல்ல. எங்கம்மா காதுல வியணும், அவ்ளோதான். பொண்ணு கைய வெச்சி எரிச்சிட்டான்னு ஊரே பேசிகினு கீது. அது வூட்ட வுட்டு வெளிய வர்றதே இல்ல."

நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்தேன் என்றேன். "பாத்தீங்களா, அந்தப் பொண்ணு கெடுத்ததை வேற ஒருத்தன் சரி பண்ணிட்டான்" என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன்.

அதன் பிறகு இரண்டு முறை பஸ்ஸில் சந்தித்தோம். என் பிள்ளையைப் பற்றி விசாரித்தீர்கள். சொன்னாயா என்று நீங்கள் கேட்கவே இல்லை.

போன மாதம் கருங்குழியில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். சிறுநீரகம் கெட்டு உடம்பு இத்தனை சிறுத்துப்போனது அன்றுதான் எனக்குத் தெரியும். பழைய முதலாளியும் மாலையோடு வந்திருந்தார். உங்கள் அம்மாவிடம், "நல்ல பொண்ணும்மா. அந்த மூணு மிஷினை எரிச்சதைக்கூட நான் மனசுல வச்சுக்கல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அவங்க எரிக்கல சார்" என்றேன். சிடியைச் சொன்னேன். மாமல்லபுரத்தைச் சொன்னேன். மூன்றையும் எழுப்பியது யார் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உங்கள் அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, இத அது உசுரோட இருக்கசொல்லவே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அக்கா.

வைரஸ் இயந்திரத்தையே கெடுக்குமா என்று மாணவர்கள் இன்றும் கேட்கிறார்கள். இரும்பை அது உடைக்காது, ஆனால் எழவிடாமல் செய்துவிடும் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு நான் செய்ததையும் இப்போது மறைக்காமல் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கள் அம்மாவின் கை என் கையைப் பிடித்தபடியே இருக்கிறது.