ஒன்பது நிமிடம் முந்தி மங்கிய நிலவு

என்ர அன்பு அக்காவுக்கு,

வியாழனின் நிலவுகள் மறுபடியும் ஒன்றையொன்று மறைக்கத் தொடங்கிவிட்டன. ஆறு வருடத்துக்கு ஒருமுறை வருகிற காட்சி. போன முறை நீங்கள் இருந்தீர்கள். நேற்றுப் பொழுதுபட்டதும் வெள்ளவத்தை பிளாட்டின் மொட்டைமாடியில் உங்கள் தொலைநோக்கியை வைத்தேன்.

எல்லாம் உங்கள் சட்டப்படிதான். பார்ப்பவருக்கு நேர அட்டவணையைக் காட்டக் கூடாது. தெரிந்தால் கண் தானாகவே எதையாவது கண்டுபிடித்துவிடும் என்பீர்களே. அதனால் அட்டவணையும் மணிக்கூடும் என் கணவரின் கையில். ஒரு நிலவின் நிழல் விழுந்து மற்றது மங்கும்போது நான் குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

அவர் எழுதவில்லை. மணிக்கூட்டையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தார். நேரம் எப்படி என்று கேட்டேன்.

"சரியாத்தான் கிடக்கு."

அக்கா, அந்தப் பொய்யை எனக்குத் தெரியும். போன முறை நான் உங்களுக்குச் சொன்ன பொய் அது.

அப்போது அட்டவணை என் கையில்; பார்த்த நீங்கள் முந்தி முந்திக் குரல் கொடுத்தீர்கள். முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து. கணக்கு டீச்சர், ஒரு நொடி பிசகினாலே சாப்பிடாமல் கிடப்பவர். மனம் நொந்துவிடும் என்று அட்டவணை நேரத்தையே கொப்பியில் எழுதிவைத்தேன். நீங்களும் பார்த்துப் பெருமைப்பட்டீர்கள். மங்குவது நிலவில்லை, உங்கள் கண் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தலைக்குள் வளர்ந்த கட்டி கண் நரம்பை நெரிக்கிறது என்று தெரிந்த அன்று, முந்தியே ஒன்றும் தெரியவில்லையா என்று டாக்டர் என்னிடம் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. உங்களிடமும் கடைசிவரை சொல்லவில்லை. மன்னிப்பீர்களா?

நேற்று அட்டவணையைப் பறித்துப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் முந்திவிட்டேன். முகில் மறைத்திருக்கும், கண் களைத்திருக்கும் என்கிறார் இவர். இருக்கலாம். ஆனால் வானத்தில் முகிலே இல்லை, அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்குக் கண் டாக்டரைப் பார்க்கச் சனல் பண்ணி நம்பர் எடுத்திருக்கிறோம். போகாமல் விட்டால் என்ன என்று விடிந்ததிலிருந்து எத்தனை தடவை நினைத்துவிட்டேன்!

போவேன். நான் குரல் கொடுத்த நேரத்தை அந்த ஒன்பது நிமிடப் பிழையோடு இவரைக் கொண்டே எழுதுவித்தேன். அந்தத் தாளை டாக்டரின் கையில் கொடுப்பேன். அவர் என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழும்புவேன்.

உங்கள் நேரத்தைத் திருத்தி எழுதிய
தங்கச்சி