சிவப்பு வாவா பெடல்

செவ்வாய், இரவு.

ஞாயிறு எங்கள் பேண்டின் முதல் மேடை. நான் காலேஜை விட்ட பிறகு அப்பா முதல்முறையாக என் வாசிப்பைக் கேட்க வருகிறார். அதற்காக ஆர்.எஸ்.புரம் இசைக்கருவிக் கடையில் என் பேஸ் கிதாருக்கு, காலால் மிதித்தால் ஒலியை 'வாவ் வாவ்' என்று வளைக்கும் வாவா பெடல் தேடினேன். சாதா கிதாருக்கான சிவப்புப் பெடலிலேயே மயங்கி, பில் போடச் சொன்னேன்.

கூட வந்த எங்கள் டிரம்மர் மெர்சி விடவில்லை. "தனியா வாசிச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். இரு, நான் தட்டறேன்."

கடை டிரம்ஸில் உட்கார்ந்து அடித்தாள். நான் பெடலை மிதித்ததும் பேஸின் கனமெல்லாம் காணாமல் போய், ஒலி கொசு ரீங்காரமாக மெலிந்தது.

"ஏனுங்க சார், பேஸ் வாசிக்கறீங்களா, கொசு ஓட்டறீங்களா?" என்றாள் மெர்சி.

கடைக்காரரும் சிரித்தார். எனக்குக் கோபம். பேஸுக்கென்றே செய்த பெடல் பார்க்க இஸ்திரிப்பெட்டி மாதிரி இருந்தது, ஆனால் மிதித்தாலும் ஒலியின் கனம் குறையவில்லை. அதையே வாங்கினேன்.

வழியெல்லாம் அவளை முறைத்தேன். அவள் இல்லையென்றால் அப்பா முன்னால் கொசுதான். நன்றி சொல்ல வாய் வரவில்லை. நாளை பிராக்டிஸில் அவள் தாளத்தை முந்தாமல் வாசிக்கிறேன். ரொம்ப நாளாக அதைத்தான் கேட்கிறாள்.