நீ குதித்தபோது நாங்கள் மேசைக்குக் கீழே

மச்சாள், இன்று காலை முன்பள்ளித் தகரக் கூரையில் மழை சடசடவென்று விழத் தொடங்கியதும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே! பாடமாவது ஒன்றாவது! நானும் வெண்கட்டியை வைத்துவிட்டு உன்னோடு கதைக்க உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. இந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உன் நினைப்புத்தான்.

போர் முடிந்து ஊரில் மீள்குடியேறிய புதிதில் இந்தப் பள்ளிக்கு ஒரு வேப்பமரம்தான் கூரை. நிழல் நகர நகரப் பிள்ளைகளும் பாயை இழுத்துக்கொண்டு நகர்வார்கள். அதை உனக்குப் போனில் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த கிழமையே லண்டனிலிருந்து போன் எடுத்தாய். "கூரைக்கு வழி பிறந்திட்டுது மச்சாள். நான் பிளேனில இருந்து குதிக்கப் போறன்."

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன். அந்த நாளில் குண்டு போட வரும் கிபிர் விமானம் இரைந்தால் சோற்றுக் கோப்பையோடு பங்கருக்குள் பாய்ந்தவளல்லவா நீ!

"இங்க நல்ல காரியத்துக்கு இப்பிடித்தான் காசு சேர்க்கிறது. குதிச்சால்தான் இங்கத்தைச் சனம் காசு தரும். பயந்து திரும்பினால் கூரை இல்லை" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பயத்தையும் எங்கையாவது கொட்டத்தானே வேணும்" என்றாய்.

நீ குதிக்கிற அன்றைக்கு நாங்கள் ஐந்தாறு பெண்கள் பஸ் ஏறி மன்னார்ப் பட்டினத்துக்குப் போனோம். நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தொலைபேசிக் கடையில்தான் கணினி இருந்தது. விமானக் குண்டு விழாத புத்தளத்தில் நெடுங்காலம் அகதியாக இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார் அவர். திரையில் உன் மகன் அங்கிருந்தே உன்னை நேரடியாகக் காட்டினான். சிவப்பு உடுப்பு, நெற்றி நிறையத் திருநீறு, பக்கத்தில் உன்னைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கப்போகும் வெள்ளைக்காரன்.

"உவன் உன்னைக் கட்டிக்கொண்டு நிக்கிறதை அண்ணன் கண்டவரோ?" என்றேன்.

"உன்ரை அண்ணன்தான் படம் எடுக்கிறார்!" என்று சிரித்தாய். சிரித்தபடியே விமானத்தில் ஏறினாய். கடவுளே, இவள் திரும்பிவிடக்கூடாது, இவளுக்கு ஒன்றும் ஆகிவிடவும் கூடாது என்று இரண்டையும் ஒன்றாக வேண்டினேன்.

வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளிக்கு மேல் நீலக் குடை விரிந்தது. குதித்துவிட்டாய்! நாங்கள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, உன்னை இறக்கிவிட்ட விமானம் உன் மகனின் தலைக்கு மேலாகத் தாழ இரைந்துகொண்டு வந்தது.

கதிரைகள் விழுந்த சத்தம்தான் கேட்டது. ஒருத்தி மிச்சமில்லாமல் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தோம்.

நானா மட்டும் நின்றார். "என்ன புள்ளையள், என்னத்தத் தேடுறீங்க?" என்றார். அவர் திரையைப் பார்த்துத் துள்ளத் தொடங்கினார். "வாறா... வாறா... காலை நீட்டுறா... புல்லுல குந்திட்டா! அல்ஹம்துலில்லாஹ்!"

நாங்கள் எழும்பியபோது நீ புல்லில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாய். "பாத்தனீங்களோ?"

"எங்க பாக்கிறது! எல்லாரும் மேசைக்குக் கீழ."

நீ வெடித்துச் சிரித்தாய். "கதவு திறந்த உடன நானும் குப்புறப் படுக்கத்தான் பாத்தனான். முதுகில கட்டியிருந்தவன் விட்டால்தானே!"

வயிறு நோகச் சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாது. நானா எல்லாருக்கும் பால் விடாத பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

கூரை போட்ட வருடம் நீ ஊருக்கு வந்தபோது, மழை விட்டபின் வாசலில் நின்று சொன்னாய்: "மேல இருந்து பாத்தால் ஒரு சனமும் தெரியேல்லையடி. ஆனால் கீழ ஆக்கள் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியுமல்லோ. அதுதான் இறங்கும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே வந்தனான்."

இந்தப் பிள்ளைகள் எல்லாம் போருக்குப் பிறகு பிறந்தவர்கள். விமானம் போனால் "டீச்சர், பிளேன்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். என் கால் இன்னும் மேசையைத்தான் தேடுகிறது, உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் அவர்களுக்குப் பின்னால் நானும் ஓடுகிறேன், மச்சாள். மேலே விமானத்தில் இருப்பவனுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறோம் என்று தெரியவேண்டுமே, தோள் நோகும் வரை கையை ஆட்டுகிறேன்.